கருணாபுரமும் ஒரு விண்ணப்பமும்: வாலிபர் தொழிற்பயிற்சிக்கு நிதி நாடிய வரலாறு

கள்ளக்குறிச்சி நகரத்தின் ஒரு பகுதி கருணாபுரம். நாட்கூலியால் பிழைக்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும்பாலராய் வாழும் இடம் அது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாளும் அதனை அடுத்த நாட்களிலும், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தை அருந்தி அங்கும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு, இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது நிறையும்வரை மாதந்தோறும் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் வைப்புநிதியும், கல்விச் செலவும் அளிக்கப்படும் என்றது. இவ்வுதவியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. எனினும் 18 என்னும் அந்த எண்ணைக் குருமார் கவனித்தல் வேண்டும். பள்ளிப் படிப்பை முன்னரே விட்டுத் தந்தையோடு மூட்டை சுமக்கச் சென்ற பத்தொன்பது வயது வாலிபன் மாத உதவிக்கும் உரியவன் அல்லன். கல்விச் செலவுக்கும் உரியவன் அல்லன். குடும்பத்திற்கு வந்த பணம் கடனுக்கும் காரியச் செலவுக்கும் போனபின் அவன் என்ன தொழில் செய்வான்?

இக்கேள்வியோடு குருத்துவ மாணவர் சிலர் அண்மையில் என்னிடம் வந்தனர். அப்பகுதி வாலிபர்க்குத் தொழிற்பயிற்சி அளிக்க ஒரு கொடை நிறுவனத்திடம் நிதி கேட்பதற்காக அவர்கள் எழுதிய வரைவு பதினொரு பக்கம் இருந்தது. முதல் ஆறு பக்கங்களில் மரண எண்ணிக்கையும், ஒரே நாளில் எரிந்த சிதைகளின் வருணனையும், அழும் தாய்மாரின் நிழற்படங்களை எங்கெங்கே ஒட்டவேண்டும் என்ற குறிப்பும் இருந்தன. பயிற்சியைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் மூன்றே வரிகள்: பெண்களுக்குத் தையல், ஆண்களுக்குக் கணிப்பொறி, முடிவில் சான்றிதழ். மாணவர் உள்ளத்தின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அந்த எழுத்து முறையை அவர்கள் யாரிடம் கற்றனர் என்பதே என் சிந்தனையை ஈர்த்தது. நம்மிடமே கற்றனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நம் சபைகள் அப்படித்தான் எழுதிவந்திருக்கின்றன.

மானியத்தின் முதல் நிபந்தனைகள்

இந்நாட்டில் கல்விக்கு மானியம் வேண்டி விண்ணப்பம் எழுதும் வழக்கம் ஓர் ஒழுங்குமுறையாக வேரூன்றியது 1854ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கைக்குப் பின்னரே. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு, அவை எச்சமயத்தார் நடத்துவனவாயினும், அரசு உதவலாம் என்று அது வகுத்தது. நிபந்தனைகள் சில இருந்தன. பொறுப்பான உள்ளூர் நிருவாகம் வேண்டும். அரசு ஆய்வாளரின் பார்வைக்குப் பள்ளி உட்படவேண்டும். சிறிதளவேனும் மாணவரிடம் கட்டணம் பெறவேண்டும். சென்னை மாகாணத்தில் 1860களில் இதனோடு 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்னும் முறையும் சேர்ந்தது. ஆய்வாளர் முன் எத்தனை பிள்ளைகள் தேறினரோ அத்தனைக்கே பணம்.

மேலோட்டமாக நோக்கின் இதில் குறையில்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் பெற்றோரோடு வயலுக்குச் சென்று இரண்டு மாதம் பள்ளிக்கு வராத சேரிப் பிள்ளை எப்படித் தேறுவான்? அவனைச் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கு நட்டம். அவனை நீக்கிய பள்ளிக்கு இலாபம். விதி எவரையும் ஒதுக்கச் சொல்லவில்லை, ஆயினும் எளிதில் தேறுவோரைத் தேடுமாறு பள்ளிகளைத் தூண்டிற்று. இன்றைய பயிற்சித் திட்டங்களில் 'நூற்றுக்கு எழுபது பேருக்கு வேலை கிடைத்தமைக்கான சான்று' கேட்கப்படும்போதும் இதுவே நிகழ்கிறது. வேலை கிடைக்கக் கூடியவரையே பயிற்சி நிலையம் முதலில் சேர்த்துக்கொள்கிறது.

1882இல் ஹண்டர் ஆணைக்குழு அமைந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் அதில் ஓர் உறுப்பினர். உயர்நிலைக் கல்வி இரு கிளையாகப் பிரிதல் வேண்டும். ஒன்று பல்கலைக்கழக நுழைவுக்கும் மற்றொன்று வணிகம் முதலிய வாழ்க்கைத் தொழில்களுக்கும் மாணவரை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இரண்டாம் கிளை தழைக்கவில்லை. அரசு வேலைக்குக் கதவு திறந்தது முதற்கிளையே என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தனர்; அவர்களைக் குறைகூற இயலாது.

பஞ்சமும் பட்டறையும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில், இன்றைய கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த தென்னார்க்காடும் அதன் அண்டையிலுள்ள சேலமும் கடுந்துயர் உற்றன. சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் 1877 ஆகஸ்டில் விடுத்த வேண்டுகோளை ஏற்று இலண்டன் மேயரின் மாளிகையில் ஒரு நிவாரண நிதி தொடங்கப்பட்டது. தொலைநாட்டுப் பொதுமக்கள் இத்துணைப் பெருந்தொகை தந்தமைக்குக் காரணம் பத்திரிகைகளில் வந்த செய்திகளும் படங்களும். துயரத்தைக் காட்டினால் பணம் வரும் என்ற பாடத்தை மிஷன் சங்கங்கள் அறியாதிருக்கவில்லை. பஞ்சம் அப்பாடத்தை உறுதிப்படுத்திற்று.

அதே 1876ஆம் ஆண்டில் திருநெல்வேலி நாசரேத்திற்கு எஸ்.பி.ஜி. மிஷனெரியாக வந்தவர் ஆர்தர் மர்காஷிஸ். பஞ்சத்தால் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். சோறு போட்டதோடு நில்லாது 1878இல் கலைத் தொழிற்பள்ளியையும் நிறுவினார். மரவேலை, இரும்புவேலை, நெசவு, தையல் ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. 1908இல் அவர் மறையும்வரை அவ்வூருக்குச் செய்தவை பல. இக்கட்டுரைக்கு இப்பள்ளி போதும். பஞ்சத்திற்கென வந்த பணம் பஞ்சத்தோடு தீர்ந்துவிடும். தொழிலுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஆதலால் இத்தகைய பள்ளிகள் இங்கிலாந்திலுள்ள ஆதரவாளருக்கும் சென்னை அரசின் கல்வித் துறைக்கும் எனத் திசை இரண்டாக எழுதவேண்டியவை ஆயின. முன்னவருக்கு அனாதையின் கதை வேண்டும். பின்னவருக்குத் தேர்வு முடிவு வேண்டும். ஒரே பிள்ளையை ஒரு கடிதத்தில் இரக்கத்திற்குரியவனாகவும் மற்றொன்றில் திறமைசாலியாகவும் காட்டுதல் நம் விண்ணப்பக் கலையின் பழைய பழக்கம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. கிராமத்தில் தச்சும் கொல்லும் குலத்தொழில்களாய் நின்ற காலம் அது. பிற சாதியில் பிறந்து பட்டறையில் உளி பிடிக்கக் கற்றவனை எந்த ஊர் தன் தச்சனாக ஏற்கும்? அவனுக்கு எதிர்காலம் மிஷன் வளாகத்திலோ நகரத்திலோ கடல் கடந்தோ இருந்தது. ஊரைவிட்டு வெளியேறுவதற்கான கருவியாகவே தொழிற்கல்வி அமைந்தது. அது தீமை என்று நான் சொல்லவில்லை. சாதிக் கட்டிலிருந்து வெளியேற வேறு வாயில் பலருக்கு இல்லை. ஆயினும் விண்ணப்பங்களில் 'கிராம முன்னேற்றம்' என்றே எழுதப்பட்டது; வெளியேற்றம் என்று யாரும் எழுதவில்லை.

மானியமின்றி நடந்த முயற்சிகளும் உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் சங்கத்து சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்குச் சரிகைப் பின்னலாகிய லேஸ் வேலையைக் கற்பித்தார். கற்றவருள் அடிமைக் குடியில் பிறந்தோரும் இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். தங்கள் உழைப்பின் கூலியைத் தங்கள் கையில் பெறுதல் அப்பெண்களுக்குப் புதிது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அந்த ஊசிவேலையும் உடன் சென்றது. கொடையாளர் இங்கே வாங்குபவராக மாறினார். ஆனால் வாங்குபவர் கடலுக்கு அப்பால் இருந்தார். ஐரோப்பிய மாதரின் உடைநாகரிகம் மாறினால் தென்திருவிதாங்கூர்ப் பெண்ணின் அடுப்பு அணையும்.

பாசல் மிஷன் இன்னும் துணிந்து சென்றது. மங்களூரில் 1865இல் கியோர்க் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை ஊரறிந்தது. நெசவாலைகளும் இருந்தன. திருமுழுக்குப் பெற்றதால் சாதியாலும் வேலையாலும் தள்ளப்பட்டவர்க்கு அவை பிழைப்பளித்தன. ஆயரும் முதலாளியும் ஒரே நிறுவனமாய் இருந்தது அதன் பலவீனம். 1914இல் போர் மூண்டபோது அச்சொத்துகள் அரசின் கைக்குச் சென்று, பின்னர் வேறொரு நிறுவனத்திற்கு மாறின. கொடையை நம்பினால் கொடையாளர் மனம் மாறும். வணிகத்தை நம்பினால் உலகம் மாறும். இரண்டிலும் அபாயம் வாலிபனுக்கே.

சேலத்தில் பிறந்த ஒருவர்

கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தச் சேலத்தில் 1876இல் பிறந்தவர் கனகராயன் திருச்செல்வம் பால். கே.டி. பால் என்று நாம் அறிந்தவர். 1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். நம் குருத்துவ மாணவர் இவரைத் தேசியவாதக் கிறிஸ்தவர் என்று மட்டும் படித்து முடித்துவிடுகின்றனர். பெரிய குறை அது. ஏழைக் கிறிஸ்தவ உழவனின் முதற்பகை வட்டி என்று கண்டு, கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை அமைப்பதில் அவர் தம் வலிமையைச் செலவிட்டார். இலவசமாகப் பெற்றவன் தந்தவரை நோக்குவான். கடன் பெற்றுத் திருப்பியவன் தன் சங்கத்து அங்கத்தினரை நோக்குவான். அங்கே அவனுக்கு வாக்கும் உண்டு. பாலின் முயற்சியில் நான் காணும் நுட்பம் இதுவே.

அவ்வியக்கம் 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்சின் பொறுப்பில் ஒரு கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திற்று. கோழி, தேனீ, கைவேலை என அங்கே கற்பித்த தொழில்களுக்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. கற்றவன் தன் வீட்டுக் கொல்லையிலேயே தொடங்கலாம். விற்பனைக்குக் கூட்டுறவு இருந்தது. அவ்வட்டாரத்தில் தேனீ வளர்ப்பு இன்றும் ஒரு வாழ்வாதாரமாக நிற்கிறது. நிதி கொடுத்தவர் பெயரை அங்கே எவரும் கேட்பதில்லை.

திட்ட அறிக்கைகளின் காலம்

விடுதலைக்குப் பின் மிஷனெரிமார் குறைந்தனர்; 'திட்டங்கள்' வந்தன. மேற்கு ஜெர்மனியில் 1959இல் கிண்டர்நாட்ஹில்ஃபே என்னும் பிள்ளைகள் துயர்துடைப்பு அமைப்பு இந்தியப் பிள்ளைகளை மனத்தில் கொண்டே பிறந்தது. 'உலகிற்கு அப்பம்' என்னும் இயக்கமும் அதே ஆண்டினது. இவற்றின் உதவியால் நம் திருச்சபைகளின் விடுதிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஆயிரமாயிரம் பேரை ஆளாக்கின. அப்படி ஆளானவருள் இவ்விதழின் வாசகர் சிலரும் இருப்பீர்கள்.

ஆயினும் சார்புநிலை குறித்த மனக்குறை வளர்ந்தது. 1971இல் கென்யாவின் ஜான் காட்டு, வெளிநாட்டு ஊழியரையும் பணத்தையும் சிறிது காலம் நிறுத்தி வையுங்கள் என்று வேண்டினார். 1973இல் முடிந்த பாங்காக் மாநாட்டில் அது உலகச் சபைகளின் விவாதமாயிற்று. நம் நாட்டில் 1976இல் அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையிலிருந்து கல்வராயன் மலை அரசின் கைக்கு வந்ததும் அதே 1976இல்தான். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே ஜாகீரிலிருந்து விடுபட்ட மலைமக்களுக்குப் பள்ளியும் சாலையும் எவ்வளவு பிந்தி வந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அம்மலைமக்களின் வாழ்க்கை வசதிகள் குறித்துத் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் தவறாகாது. என் ஆயர் பணியின் தொடக்கத்தில் ஒரு சேகரத்தில் தட்டச்சுப் பயிற்சி நிலையத்திற்காகக் கொடை நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தோம். கடிதப் போக்குவரத்தில் மூன்றாண்டுகள் கழிந்தன. பன்னிரண்டு தட்டச்சுப் பொறிகள் வந்திறங்கிய வாரத்தில் கடைத்தெருவில் இரண்டாவது கணிப்பொறி நிலையம் திறக்கப்பட்டது. 'தட்டச்சு வேண்டாம், வேறு தாருங்கள்' என்று எழுதலாமா எனக் குழுவில் ஒருவர் கேட்டார். கேட்டால் கொடுத்ததையும் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள் என்று நாங்கள் அஞ்சினோம். நானும் அஞ்சினேன். இரண்டாண்டுகள் அறிக்கையில் 'பயனாளிகள் 24 பேர்' என்று எழுதினோம். அவர்கள் பெயர்கள் உண்மை, பயன்தான் இல்லை. பின்னர் அப்பொறிகள் ஆலயத்தின் பின்னறையில் துணி போர்த்தப்பட்டுக் கிடந்தன.

இன்றைய வாயில்கள்

இன்று நிதி நாடுவோர்க்கு வாயில்கள் வேறு. அந்நிய நன்கொடைச் சட்டம் 2010இல் புதிதாக்கப்பட்டு 2020இல் திருத்தப்பட்டது. அதன்படி பெற்ற நன்கொடையை வேறொரு சங்கத்திற்கு மாற்றித் தருதல் கூடாது. நிருவாகச் செலவு நூற்றுக்கு இருபதைத் தாண்டலாகாது. பதிவு வேண்டுவோர் முந்திய மூன்றாண்டுகளில் தம் பணிக்கென 15 இலட்சம் ரூபாயேனும் செலவிட்டிருத்தல் வேண்டும். முன்பு பேராயம் பெற்றுச் சேகரத்திற்குப் பகிர்ந்தளித்த வழி இதனால் அடைபட்டது. சிறிய சேகரம் தானே பதிவுபெறுதல் அரிது.

இரண்டாவது வாயில் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வேலைத்திறன் பயிற்சியும் அதில் அடங்கும். ஆனால் கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்திற்கு முதலிடம் தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தொழிற்சாலைகள் நெருங்கிய திருப்பெரும்புதூருக்கும் ஓசூருக்கும் இது மழை. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியோ சர்க்கரை ஆலையும் அரிசி ஆலையும் வயலும் மலையும் உள்ள பகுதி. தேவை எங்கே மிகுதியோ அங்கே கம்பெனி குறைவு. விண்ணப்பிக்கும் அறநிறுவனத்திற்கு மூன்றாண்டுப் பணி அனுபவமும் தனிப் பதிவெண்ணும் தேவை. ஆகவே துயரம் நேர்ந்தபின் புதிதாக ஒரு சங்கத்தைப் பதிவுசெய்து ஓடுவதில் பயனில்லை.

மூன்றாவது அரசின் திட்டங்கள். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' போன்றவற்றில் பயிற்சிக்கு வாலிபர் பணம் கட்டத் தேவையில்லை. இங்கே சபை செய்யத்தக்கது பணம் திரட்டுவதன்று. சாதிச் சான்றும் கல்விச் சான்றும் இல்லாத பிள்ளைக்கு அவற்றைப் பெற்றுத் தந்து, பயிற்சி நகரத்தில் நடக்கும் மாதங்களில் தங்க இடமும் பேருந்துச் செலவும் கொடுத்தல். வெள்ளிமலையிலிருந்து இறங்கிவரும் இளைஞனுக்கு இவ்விரண்டும் இல்லாமையாலேயே இலவசப் பயிற்சியும் எட்டாக்கனியாகிறது. மலைகளில் வேலையற்ற வாலிபர் எங்கெல்லாம் இட்டுச் செல்லப்படுகின்றனர் என்பதற்கு 2015 ஏப்ரலில் சேஷாசல வனத்தில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சொல்லப்பட்ட இருபது தமிழர் சுட்டுக்கொல்லப்பட்டதே சாட்சி. அவருள் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சார்ந்தோர். கல்வராயனும் அவற்றின் உடன்பிறப்பே.

பவுலின் விண்ணப்பம்

மாணவர்களோடு கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டு, ஒன்பதாம் அதிகாரங்களை வாசித்தேன். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் எழுதிய நிதி விண்ணப்பம் அது. எருசலேம் ஏழைகளின் பட்டினியைப் பவுல் எத்தனை வரிகளில் வருணிக்கிறார் என்று தேடுங்கள் என்றேன். அரைமணி நேரம் தேடினர். பரிசுத்தவான்களுடைய குறைவு என்ற அளவில் ஒரு சொல் உண்டு, வருணனை இல்லை. வறுமையை அவர் பேசுமிடம் கொடுத்தவராகிய மக்கெதோனியரின் வறுமை. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே வேண்டிய சமநிலையைப் பேசுகிறார். பணத்தைக் கொண்டுசெல்வோரைச் சபைகளே தெரிந்தெடுத்தன என்று விளக்குகிறார். கணக்கில் எவரும் தம்மைக் குற்றஞ்சாட்ட இடமிராதபடி முன்னெச்சரிக்கை செய்கிறார். எருசலேமிலுள்ள ஒரு விதவையும் அந்நிருபத்தில் காட்சிப்பொருளாகவில்லை.

பவுலுக்கு நிழற்படக் கருவி இல்லை என்று ஒரு மாணவர் நகைத்தார். சொல்வன்மை இருந்தது என்றேன்.

இதன்பின் அவர்கள் வரைவைக் கிழித்துப்போடவில்லை. முதல் ஆறு பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டனர். அவ்விடத்தில் எழுத என்ன இருக்கிறது என்று தேடி, நான்கு சனிக்கிழமைகள் கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் அலைந்தனர். மோட்டார் சுருள் கட்டும் கடைகள், டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறைகள், குளிர்சாதனப் பெட்டி திருத்துவோர், மரச்சிற்பக் கூடங்கள் எனப் பட்டியல் வளர்ந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பட்டணத்தில் படித்த இம்மாணவர் அதுவரை அறியார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டனர்: ஒரு வாலிபனைப் பழக்கி எடுக்க எத்தனை மாதம் ஆகும், பழகியபின் என்ன கூலி கொடுப்பீர்கள்? கருணாபுரத்து வாலிபரிடமும் அமர்ந்து பேசினர். தையலையும் கணிப்பொறியையும் கேட்டவர் சிலரே. வாகனம் ஓட்டும் உரிமம் வேண்டும் என்றோர் பலர். தகப்பனை இழந்த ஓர் இளைஞன், 'எங்க அப்பா செத்ததை எழுதாம பணம் கேக்க முடியுமாண்ணா?' என்று வினவினானாம். முடியும் என்று அவனுக்கு வாக்களித்து வந்திருக்கிறார்கள்.

விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை. சிறிய பட்டறையில் பழகும் மாதங்களில் வாலிபனின் வீட்டுக்குக் கூலி யார் தருவது என்பதில் அது நிற்கிறது. அரசின் தொழில் பழகுநர் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. ஆனால் நான்கு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறை அதில் சேர இயலாது, நம் பட்டியலிலுள்ள பட்டறைகளில் பல அத்தகையவை. கொடை நிறுவனத்தின் படிவத்தில் பயிற்சியாளர் ஊதியத்திற்கும் இயந்திரத்திற்கும் விளம்பரப் பலகைக்கும் கட்டங்கள் உள்ளன. கற்பவனின் வீட்டுச் சோற்றுக்குக் கட்டம் இல்லை. அதனைத் தனித்தாளில் எழுதி இணைக்கலாமா என்று கேட்டு மாணவர்கள் அந்நிறுவனத்திற்குக் கடிதம் எழுதியுள்ளனர்.